பத்து வருடக் காருக்கு நூறு வருடப் பெயர் எதற்கு?

மச்சானுடைய டொயோட்டாவுக்கு சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் பத்து வருடம் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் சான்றிதழ், முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. போன மாதம் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, "மாப்ள, இந்தத் தடவை பெரிய வண்டிதான்" என்றார். எந்த வண்டி என்றேன். மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, லெக்ஸஸ் என்று மூன்று பெயரை வரிசையாகச் சொன்னார். காரணம் கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருந்தது. மெர்சிடிஸ் உழைக்கும், பிஎம்டபிள்யூ ஓட்ட நன்றாக இருக்கும், லெக்ஸஸ் தொல்லை தராது.

மூன்றும் பொய்யில்லை. ஆனால் அந்த மூன்று பெயரும் வேறு ஊரில், வேறு சாலையில், வேறு காலத்தில் சம்பாதித்தவை. உழைப்புக்கான பெயர் ஜெர்மன் டாக்சிகளில் வந்தது. ஓட்டும் சுகத்துக்கான பெயர் ஜெர்மனியின் வேக வரம்பில்லாத நெடுஞ்சாலையான ஆட்டோபானில் வந்தது. நமக்கோ விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர்தான் உச்சம், பத்து வருடம்தான் ஆயுள். அந்தப் பெயரில் எவ்வளவு இங்கே வந்து சேர்கிறது என்று பார்க்காமல் காசைக் கொட்டக்கூடாது என்பது என் கட்சி. நான் மெக்கானிக் இல்லை. இருபது வருடமாகக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

எதற்குக் காசு கொடுக்கிறோம்

கணக்கை முதலில் போட்டுவிடலாம். ஒரு காரின் திறந்த சந்தை மதிப்பு, அதாவது ஓஎம்வி, 45,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 20 விழுக்காடு, அது 9,000. இரண்டையும் சேர்த்து அதன்மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு, அது 4,860. அப்புறம் கூடுதல் பதிவுக் கட்டணம். ஏஆர்எஃப் என்று நாம் சொல்வது இதைத்தான். 2023 பிப்ரவரியிலிருந்து இதற்கு ஐந்து படிகள். முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்து 190, பிறகு 250, மதிப்பு 80,000ஐத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 320. நம் காருக்கு இது 57,500 வெள்ளி ஆகிறது. கூட்டிப் பாருங்கள், 116,360. இதில் சிஓஇயும் சேரவில்லை, விற்பவரின் லாபமும் சேரவில்லை.

சிஓஇயைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. 1990ல் வந்தது. 2008 நவம்பரில் சின்னக் கார்களுக்கான ஏ பிரிவு 2 வெள்ளிக்கு விழுந்தது, அன்றைக்கு வாங்கியவர்கள் இன்னும் கோப்பிக்கடையில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு 150,001 வெள்ளிக்குப் போனது. அந்தக் கடைசி ஒரு வெள்ளியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மூன்றாவது படியில் இருக்கும் ஒரு காரில் தொழிற்சாலைக்காரன் 5,000 வெள்ளிக்கு நல்ல தோலும் நல்ல ஸ்பீக்கரும் கூடுதலாகப் போட்டால், நம் பையிலிருந்து போவது 16,040 வெள்ளி. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ கூடுதல் தரத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தால் போதும். இங்கே அதே தரத்துக்கு மும்மடங்கு கொடுக்கிறோம். அதனால் 'நல்ல பிராண்டு, கொஞ்சம் காசு அதிகம், பரவாயில்லை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல இந்த ஊரில் வழியில்லை. எந்தத் தரம், அது எனக்குப் பயன்படுமா என்று கேட்டே ஆகவேண்டும்.

கடனையும் நினைவில் வைக்க வேண்டும். ஓஎம்வி 20,000 வெள்ளிக்கு மேல் என்றால் விலையில் 60 விழுக்காடுதான் கடன் கிடைக்கும், அதையும் ஏழு வருடத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். மீதி 40 விழுக்காடு கைக்காசு.

நட்சத்திரம்

தமிழ்நாட்டில் நட்சத்திரச் சின்னம் போட்ட மெர்சிடிஸ் காரை பென்ஸ் என்பார்கள். இங்கே மெர்க். ஒரே கார்தான், ஆனால் இரண்டும் இரண்டு ஆட்களின் பெயர். பென்ஸ் என்பவர் கார்ல் பென்ஸ். மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர். மெர்சிடிஸ் ஒரு சின்னப் பெண். எமில் யெல்லினெக் என்ற ஆஸ்திரிய வியாபாரி பிரான்சின் நீஸ் நகரத்தில் டைம்லர் கார்களை விற்றுக்கொண்டிருந்தார். வேகமான ஒரு வண்டியைச் செய்யச் சொல்லி, அதற்குத் தன் மகள் பெயரை வைத்தார். டைம்லரும் பென்ஸும் தனித்தனி நிறுவனங்கள், 1926ல்தான் ஒன்றாகின. ஆக தமிழ்நாட்டுக்காரர்கள் பொறியாளரைச் சொல்கிறார்கள், நாம் விற்பனையாளரின் மகளைச் சொல்கிறோம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் வேறொருவர். 1888 ஆகஸ்டில் கார்லின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு அந்த வண்டியை ஓட்டிப்போனார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரம். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். அந்த நிறுவனத்தின் முதல் நீண்ட தூரச் சோதனை ஓட்டம் அதுதான், முதல் விளம்பரமும் அதுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் இவர்களுக்கு இருக்கும் பெயர் நியாயமாக வந்த பெயர். மோதலில் முன்பகுதி நசுங்கி உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் அமைப்பு இங்கே வேலை செய்த பேலா பாரென்யியின் யோசனை. 1978ல் எஸ் கிளாஸில் மின்னணு ஏபிஎஸ் பிரேக் வந்தது. இதெல்லாம் இன்றைக்குச் சாதாரண காரிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்றைக்கு இருந்த இடைவெளி இப்போது இல்லை.

உழைப்புக்கு வருவோம். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது எழுபதுகளின் டீசல் வண்டிகள். கிரேக்க டாக்சி ஓட்டுநர் ஒருவரின் 240டி, 1976ஆம் வருடத்து வண்டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி இப்போது ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதற்கடுத்து 1976 முதல் 1980களின் நடுப்பகுதி வரை வந்த டபிள்யூ123 வரிசையில் சுமார் 27 லட்சம் கார்கள் செய்தார்கள். கதவை மூடினால் பெட்டகத்தை மூடுவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை மச்சான் இன்னும் வாயால் செய்து காட்டுவார். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஆனால் 46 லட்சம் கிலோமீட்டர் இங்கே யாருக்கு வேண்டும்? வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் பத்து வருடத்தில் ஒன்றரை லட்சம். அதற்குள் பதிவை நீக்கினால் ஏஆர்எஃப்பில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பத்து வருடம் தாண்டினால் அது போச்சு. அதனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டியைக்கூட நாம் வெட்டிப்போடவோ, கப்பலேற்றி அனுப்பவோ செய்கிறோம். முப்பது வருடம் உழைக்கும் இரும்புக்குக் காசு கொடுத்து, முதல் பத்து வருடத்தை மட்டும் அனுபவித்துவிட்டு, மீதி இருபதை வேறு நாட்டுக்காரனுக்குத் தானம் செய்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பெயரை வாங்கிய காலத்து நிறுவனமும் இன்றைய நிறுவனமும் அப்படியே ஒன்றல்ல. 1998ல் அமெரிக்காவின் கிரைஸ்லரோடு சேர்ந்து 2007ல் பிரிந்தார்கள். அந்த நடுக்காலம் இவர்களுக்குச் சோதனைக்காலம். துருப்பிடிக்கிறது என்று புகார்கள் வந்தன. மின்னணு பிரேக், பேட்டரி தொடர்பான கோளாறுகளுக்காக 2005ல் மட்டும் 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதற்குப் பிறகு மீண்டு வந்தார்கள், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஊரில் நட்சத்திரத்துக்கு ஒரு பெரிய வசதி, அது பழகின முகம். 1899ல் கோலாலம்பூரில் ஆரம்பித்த சைக்கிள் அண்ட் கேரியேஜ் நிறுவனம் 1951லிருந்து இந்தக் காரை விற்கிறது. எழுபது வருடத்துக்கு மேல். அதனால் பட்டறைகள் இருக்கும் சின் மிங் பக்கம் போனால் இந்த வண்டியின் வயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வாரண்டி முடிந்த பிறகு அதுதான் உதவும். பழைய விளம்பரத்தில் சொன்னது எதுவும் அப்போது கூட வராது.

நீலமும் வெள்ளையும்

பிஎம்டபிள்யூவின் சின்னத்தை விமானச் சுழலி என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அது பவேரிய மாநிலத்தின் நிறம், நீலமும் வெள்ளையும். விமான இயந்திரத்தில் தொடங்கிய நிறுவனம் என்பது உண்மை. பிறகு 1929ல் ஒரு விளம்பரத்தில் சுழலும் சுழலியின் மேல் சின்னத்தைப் பொருத்திக் காட்டினார்கள், அதிலிருந்து கதை பிடித்துக்கொண்டது. நிறுவனமும் அவசரப்பட்டு மறுக்கவில்லை. யார்தான் மறுப்பார்கள்?

இவர்கள் செய்த முதல் கார் சொந்தக் கார்கூட இல்லை. 1928ல் ஐசனாக் நகரத் தொழிற்சாலையை வாங்கியபோது அங்கே உரிமம் வாங்கிச் செய்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ஆஸ்டின் செவன்தான் அது. போருக்குப் பிறகு ஒருபக்கம் பணக்காரர்களுக்குப் பெரிய காரும், மறுபக்கம் முன்கதவு திறக்கும் முட்டை வடிவ இசெட்டாவும் செய்து, நடுவில் விற்க எதுவுமில்லாமல் தவித்தார்கள். 1959 டிசம்பர் 9 அன்று பங்குதாரர் கூட்டத்தில் நிறுவனத்தை டைம்லர்-பென்ஸிடம் ஒப்படைக்கும் யோசனை வந்தது. சிறு பங்குதாரர்கள் எதிர்த்து நின்றார்கள். ஹெர்பர்ட் குவாண்ட் என்ற முதலீட்டாளர் மனதை மாற்றிக்கொண்டு காசைப் போட்டார். அந்தக் கூட்டம் வேறு மாதிரி முடிந்திருந்தால் மச்சானுடைய பட்டியலில் இன்றைக்கு இரண்டு பெயர்தான் இருந்திருக்கும்.

அந்தக் காசில் வந்தது 1500 என்ற நடுத்தரக் கார். முதலாளி பின்சீட்டில் உட்கார்ந்து போகும் வண்டியாக அதைச் செய்யவில்லை, அவரே ஓட்டிப்போகிற வண்டியாகச் செய்தார்கள். 1975ல் வந்த 3 வரிசை அதே வழியில் வந்தது. இன்றுவரை இவர்களுடைய பெயர் அங்கேதான் நிற்கிறது: ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் யாரோ, அவருக்கான வண்டி.

நான் ஓட்டிப் பார்த்த மட்டில் அந்தப் பேர் பொய்யில்லை. வளைவில் வண்டி நம் சொல் கேட்கும். ஆனால் பிஐஇ விரைவுச்சாலையில் மாலை ஆறு மணிக்கு வளைவு எங்கே இருக்கிறது? முன்னால் போகும் லாரியின் பின்பக்கம்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை பினாங்குக்கோ ஈப்போவுக்கோ போகிறவர் என்றால் பேச்சு வேறு. மலேசியாவுக்குப் போகும் இரண்டாம் இணைப்புப் பாலத்தைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110ல் போகும்போதுதான் இந்தக் காருக்குக் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரியும். மச்சான் ஜோகூர் பாரு தாண்டி ஓட்டிக் கடைசியாகப் போனது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. அதனால் பிஎம்டபிள்யூவை அவருடைய பட்டியலிலிருந்து நான் சீக்கிரமே எடுத்துவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

நூறு வருடம் இல்லாத பெயர்

லெக்ஸஸுக்குத் தாத்தா பாட்டி கதை கிடையாது. 1983 ஆகஸ்டில் டொயோட்டா தலைவர் எய்ஜி டொயோடா தன் ஆட்களைக் கூப்பிட்டு, உலகத்தின் சிறந்த காருக்குச் சவால் விடும் ஒன்றை நம்மால் செய்ய முடியுமா என்று கேட்டார். ஆறு வருடம், சுமார் 450 மாதிரி வண்டிகள். 1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் எல்எஸ் 400 வந்தது. கூடவே ஈஎஸ் என்ற தம்பியும். மச்சான் இப்போது பார்ப்பது அந்தத் தம்பியின் பேரனைத்தான்.

அமெரிக்காவில் 35,000 டாலருக்கு விற்றார்கள், ஜெர்மன் கார்களின் விலையைவிட வெகுவாகக் குறைவு. இயந்திர மூடியின் மேல் கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கிவைத்து, சக்கரம் முழு வேகத்தில் சுற்றும்போதும் அவை அசையாமல் நிற்பதை விளம்பரத்தில் காட்டினார்கள்.

ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த விளம்பரம் இல்லை. அதே வருடம் டிசம்பரில், ஒரு பிரேக் விளக்கிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் கோளாறு தெரிந்து, விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. புது பிராண்டுக்கு விற்பனை தொடங்கிய மூன்றாவது மாதத்திலேயே இப்படி வந்தால் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர்கள் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வண்டியை எடுத்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். மூன்று வாரத்துக்குள் வேலையை முடித்தார்கள். சர்வீஸ் என்றால் லெக்ஸஸ் என்று பேச்சு கிளம்பியது அங்கிருந்துதான். கோளாறிலிருந்து நல்ல பெயர் வாங்குவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சொந்த ஊரான ஜப்பானில் இந்த எல்எஸ் காரையே 2006 வரை டொயோட்டா செல்சியோர் என்ற பெயரில்தான் விற்றார்கள் என்பதை இங்கே பலர் கவனிப்பதில்லை. லெக்ஸஸ் என்ற பெயர் வெளிநாட்டுக்காகத் தைத்த சட்டை. 'என்னதான் இருந்தாலும் டொயோட்டாதானே' என்று மச்சான் மனைவி மூக்கைச் சுளித்தபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது. அவர் சொன்னது சரிதான். அதைக் குறையாகச் சொன்னார், நான் அதை நிறையாக எடுத்துக்கொள்கிறேன்.

கறை இல்லாத பெயர் என்றும் சொல்ல முடியாது. 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஒரு லெக்ஸஸ் ஈஎஸ் 350, தரைவிரிப்பு முடுக்கியில் சிக்கியதால் நிறுத்த முடியாமல் ஓடி நான்கு பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. 2010 பிப்ரவரியில் நிறுவனத்தின் அன்றைய தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொன்னார். 2014ல் வழக்கை முடிக்க 120 கோடி டாலர் கட்டினார்கள். மச்சான் பார்க்கும் அதே ஈஎஸ் குடும்பம் என்பதால் அவரிடம் இதை மறைக்கவில்லை. இன்றைய வண்டியில் பிரேக்கை மிதித்தால் முடுக்கி அடங்கிவிடும். இருந்தாலும் கடையில் வாங்கிய கூடுதல் விரிப்பை ஓட்டுநர் பக்கம் போடாதீர்கள், எந்தக் காராக இருந்தாலும்.

இந்த ஊருக்கு இந்தப் பெயரில் எவ்வளவு வந்து சேர்கிறது? என் கணக்கில் நிறைய. வாரண்டி முடிந்து பத்தாவது வருடம் வரை இருக்கும் காலம்தான் பணப்பையைக் கடிக்கும் காலம். ஹைபிரிட் ஈஎஸ், நின்று நின்று போகும் நெரிசலில் பெட்ரோலை மிச்சப்படுத்தும். உள்ளே இருக்கும் பெரும்பாலான பாகங்கள் டொயோட்டாவோடு உறவு கொண்டவை. முப்பது வருட உழைப்பு நமக்கு வீண், பத்து வருட நிம்மதி வீணில்லை.

பேசாமல் விடக்கூடாத ஒன்று

என் தாத்தா ஜப்பான் சாமானை வீட்டுக்குள் விடமாட்டார். ரேடியோ, மின்விசிறி, எதுவும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் சயாம் ரயில்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர், திரும்பி வரவில்லை. டொயோட்டா அந்தப் போரில் ராணுவத்துக்கு லாரி செய்தது. சரி, ஜெர்மன் வண்டி வாங்கினால் கை சுத்தமா? டைம்லர்-பென்ஸ், பிஎம்டபிள்யூ இரண்டுமே அந்தப் போர்க்காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கியவை. குவாண்ட் குடும்பத்துத் தொழிற்சாலைகளும் அப்படித்தான். தாத்தாவுக்கு அது தெரியாது. கடைசிக் காலத்தில் என் அப்பாவின் நிசான் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இதை வைத்து எந்தக் காரை வாங்குவது என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் பிராண்டின் வரலாறு என்று பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பேசவும் முடியாது.

புதிதா, பழசா, இருப்பதே போதுமா

மச்சானுக்கு, கார் கடைகள் இருக்கும் ஊபியில் ஒருவர் ஐந்து வருடம் ஓடிய மெர்சிடிஸ் ஈ கிளாஸ் ஒன்றைக் காட்டியிருக்கிறார். விலை புது ஈஎஸ்ஸைவிடக் கணிசமாகக் குறைவு. வருடத் தேய்மானம், இங்கே எல்லோரும் சொல்வதுபோல் 'டெப்ரி', காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நானும் ஒருமுறை இந்த அழகில் விழுந்தவன். ஆறு வருடம் ஓடிய ஐரோப்பிய வண்டி, பிராண்டைச் சொல்லமாட்டேன். வாங்கிய எட்டாவது மாதம் கியர்பாக்ஸ் மூளையில் கோளாறு. காட்டிய பட்டறையில் ஒரு பாகத்தை மாற்றினார்கள், சரியாகவில்லை, இன்னொன்றை மாற்றினார்கள், கடைசியில் பார்த்தால் ஈரம் புகுந்த ஓர் இணைப்புதான் காரணம். மிச்சம் பிடித்த டெப்ரி முழுவதும் அந்த மூன்று மாதத்தில் போனது. இந்த ஊர் வெயிலும் ஈரமும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. பழைய ஆடம்பரக் காரின் விலை குறையும், பாகத்தின் விலை குறையாது. அது எப்போதும் புதுக்காரின் விலைக்கணக்கில்தான் வரும்.

இருக்கும் டொயோட்டாவையே நீட்டிக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். கடைசி மூன்று மாத சிஓஇ சராசரியைக் கட்டினால் ஐந்தோ பத்தோ வருடம் கிடைக்கும். ஏஆர்எஃப்பில் திரும்ப வரவேண்டியது போய்விடும். சாலை வரியும் பத்தாவது வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக, 50 வரை ஏறும். கணக்குப்படி பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் மலிவு. மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

ஆடி, வோல்வோ இரண்டையும் அவர் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. வோல்வோவுக்கு மட்டும் ஒரு வணக்கம் போட்டுவிடுகிறேன். மூன்று முனை இருக்கைவாரை 1959ல் போட்டுவிட்டு, மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையைத் திறந்துவிட்டவர்கள். மின்சாரக் கார் வேறு கட்டுரைக்கான விஷயம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஏ பிரிவில் பெட்ரோல் காருக்கு 97 கிலோவாட், மின்சாரக் காருக்கு 110 கிலோவாட் என்ற வரம்பு இருப்பதால், சக்தியைக் குறைத்த வகைகளை நம் ஊருக்கென்றே கொண்டுவருகிறார்கள். 2014 பிப்ரவரிக்கு முன் வெறும் 1600 சிசி கணக்குதான் இருந்தது. அப்போது சின்ன டர்போ இயந்திரம் போட்ட ஐரோப்பிய கார்கள் ஏ பிரிவில் நுழைந்து குடும்பக் கார்காரர்களோடு ஏலத்தில் மோதின, அதனால்தான் சக்தி வரம்பு வந்தது. ஆகவே பெரிய பேரைச் சின்ன பிரிவில் யாராவது காட்டினால், பேட்ஜைப் பார்ப்பதற்கு முன் கிலோவாட்டைப் பாருங்கள்.

மச்சானுக்கு நான் சொன்னது

நான்கைந்து வருடத்தில் மாற்றிவிடும் ஆள் என்றால் புது மெர்சிடிஸ் எடுங்கள். வாரண்டிக்குள்ளேயே வண்டி கைமாறிவிடும், பழைய காராக விற்கும்போதும் நட்சத்திரத்தைத் தேடி வருகிறவர்கள் உண்டு. ஏஆர்எஃப் திரும்ப வரும் கணக்கை மட்டும் கவனமாகப் பாருங்கள். 2023ல் அதற்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வைத்தார்கள், இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கையெழுத்துப் போடும் அன்றைக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், விற்பனையாளர் சொல்வதைப் போன வருடக் கணக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடமும் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் லெக்ஸஸ். நீங்கள் பத்து வருடக்காரர் மச்சான், டொயோட்டாவை என்ன செய்தீர்கள் என்று பாருங்கள்.

அவர் மறுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். காரணம் எனக்குத் தெரியும். மறைந்த என் மாமனார் இருபது வருடத்துக்கு மேல் ஒரு தௌக்கே முதலாளியிடம் ஓட்டுநராக இருந்தவர். டபிள்யூ123, வெளிர் மஞ்சள். காலை ஐந்தரைக்குப் போய் துணி நனைத்துத் துடைப்பாராம். பள்ளி விடுமுறையில் மச்சானைக் கூட்டிப்போவார், கதவை ஒருமுறை மூட விடுவார், அவ்வளவுதான். பின்சீட்டில் உட்கார விட்டதில்லை, அவரும் உட்கார்ந்ததில்லை. பெர்த்தா பென்ஸையும் கிரேக்க டாக்சியையும் நான் எவ்வளவு விளக்கினாலும் மச்சானுடைய தலையில் இருக்கும் வரலாறு அந்த ஒரு கதவுதான். அதற்கு ஓஎம்வி கிடையாது, எந்தப் படியில் வரி போடுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அத்தையையும் அழைத்துக்கொண்டு போனோம். முழங்கால் வலி அவருக்கு, பின்சீட்டில் உட்காரப் போகிறவர் அவர்தான், அதனால் ஏறி இறங்கிப் பார்க்கட்டும் என்று நான்தான் சொன்னேன். முதலில் மெர்சிடிஸ். மச்சான் பின்கதவைத் திறந்துவிட்டார், அத்தை மெதுவாக உள்ளே போனார், மச்சான் கதவை மூடினார். ஒரு நிமிடம் உள்ளேயே இருந்தார். இறங்கியதும், "உங்கப்பா ஓட்டின வண்டிக் கதவு இன்னும் கனமா இருக்கும்டா" என்றார்.

பிறகு லெக்ஸஸ். கால் நீட்ட இடம் இருக்கிறது என்று சொன்னார். கதவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மச்சான் இன்னும் முன்பணம் கட்டவில்லை. இரண்டு வண்டியையும் சோதனை ஓட்டத்துக்குக் கேட்டிருக்கிறார். ஓட்டும்போது விரைவுச்சாலைக்குப் போகாமல் நேராக நம் புளோக்கின் பன்மாடிக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓட்டி வாருங்கள், மூன்றாவது மாடிவரை அந்த வளைவில் ஏற்றி, தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தில் விட்டு, அத்தை கதவைத் திறந்து இறங்க முடிகிறதா என்று பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஏலம் புதன்கிழமை நான்கு மணிக்கு முடிகிறது.